நியோடிமியம் தூளில் கைவைக்கும் முன்

கையுறை, முகக்கவசம் பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அது ஆய்வுகூடச் சுவரிலேயே ஒட்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்கு, தூளை அழுத்தி உலையில் சுட்டு நியோடிமியம் காந்தம் செய்ய வரும் பிள்ளைகள் வருடா வருடம் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

நடுவில் ஜாரைத் திறப்பது

இதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நியோடிமியம்-இரும்பு-போரன் கலப்புலோகம் அரைக்கும் ஜாருக்குள் அரைபட்டுக்கொண்டிருக்கும். தூள் எவ்வளவு நைசாகிவிட்டது என்று பார்க்க வேண்டுமாம்! மேசையில் வைத்தே மூடியைக் கழற்றிவிடுவார்கள். அதுவும் ஐப்பசி மழையில், சுவரே வியர்க்கிற நாளில். “கொஞ்ச நேரம்தானே சேர்!”

அந்தக் கொஞ்ச நேரத்தில் காற்றின் ஒட்சிசன் தூளில் ஏறிவிடும். தூளின் நிறம்கூட மாறாது, அதனால்தான் ஏமாறுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். காந்தப் படிகத்துக்கு எடையில் ஏறக்குறைய 27% நியோடிமியம் போதும். நாம் 30% போடுவது, மிச்சம் உலையில் உருகி காந்தப் படிக மணிகளுக்கு இடையே ஓடி, இடைவெளியை அடைக்கவும் மணிகளைக் காந்தரீதியில் பிரித்துவைக்கவும்தான். 1 கிராம் ஒட்சிசன் 6 கிராம் நியோடிமியத்தைத் தின்னும். தூளில் அரை வீதம் ஒட்சிசன் ஏறினால் 3% போச்சு. அந்த மிச்சமே அவ்வளவுதான்.

போன மாரியில் இப்படி ஜாரைத் திறந்த ஒரு தம்பி, உலையில்தான் பிழை என்று அடம்பிடித்து, 1080 பாகை செல்சியஸில் திரும்பவும் சுட்டார். கன சென்றிமீற்றருக்கு 7.5 கிராமுக்கு மேல் வரவேண்டிய அடர்த்தி 7ஐக்கூடத் தொடவில்லை. நியோடிமியம் ஒட்சைட்டு உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். சுட்டுச் சுட்டு என்ன பயன்? வெளிநாட்டில் வாங்கி, கொழும்பில் சுங்கம் கடந்து வந்த உலோகம் அது.

அரைக்கும் நேரத்தை அறிய, தனியே சிறு தொகுதிகளை அரைத்துப் பலிகொடுங்கள். உண்மையான தொகுதியின் ஜார், எதனோடும் தாக்கம் புரியாத ஆகன் வாயு நிரப்பிய பெட்டிக்குள் மட்டும்தான் திறக்க வேண்டும். திரவத்தில் அரைப்பதென்றால் உலர்த்திய சைக்ளோஹெக்சேன் சரி. போத்தல் மதுசாரம் வேண்டாம், அதில் தண்ணீர் இருக்கும்.

நைசாக நைசாக நல்லது என்ற நினைப்பு

3 முதல் 5 மைக்ரோன் போதும். அதற்குக் கீழே போனால் மேற்பரப்பு கூடி ஒட்சிசனும் கூடும். துகள்கள் திரண்டு, அழுத்தும்போது கொடுக்கும் காந்தப்புலத்தின் திசைக்குத் திரும்பவும் மறுக்கும். அதற்காகப் பெரிய துகள்களைச் சலிக்காமல் விட்டுவிடாதீர்கள். சுடும்போது அவை பக்கத்து மணிகளை விழுங்கி வளரும். எதிர்த்திசையில் காந்தப்புலம் வந்தால் காந்தம் முதலில் அங்கேதான் தோற்கும்.

காந்தப்புலம்

தூளை அச்சில் அழுத்தும்போதே கொடுங்கள். அழுத்திய பிறகு எந்த மணியும் திரும்பாது.

தீ

தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த மணல். மாரியில் மணல் வாளியை மூடி வையுங்கள். ஈர மணலும் தண்ணீரும் ஒன்றுதான்.