பழைய கருவிகளைக் கொண்டு மக்காச்சோளத்திற்கு மேலுரம் இடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டிராக்டரையும், அதைவிடப் பழைய உரமிடும் கருவியையும் வாங்கி மக்காச்சோளம் பயிரிடத் தொடங்கியிருக்கும் சிலருடைய வயல்களுக்கு அண்மையில் சென்று வந்தேன். நான் பல ஆண்டுகளுக்கு முன்பு செய்து, விளைச்சலில் விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட அதே தவறுகளை, அதே வரிசையில், அவர்களும் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது. போல்ட்டுகளை இறுக்க வேண்டும், சங்கிலிக்கு எண்ணெய் இட வேண்டும், உரக்குழாய் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும் என்பவற்றை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவை கண்ணுக்குத் தெரியும் குறைகள்; யாரும் சொல்லாமலே சரிசெய்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, பயிர் மஞ்சளிக்கும்போது மட்டும் தெரியவரும் தவறுகளே இழப்பைத் தருகின்றன.

பெட்டியின் மூடியில் உள்ள அட்டவணையை நம்புதல்

பழைய உரப்பெட்டிகள் பலவற்றின் மூடியில், எந்தப் பற்சக்கரத்திற்கு, எந்தத் திறப்பளவில், எவ்வளவு உரம் விழும் என்று ஓர் அட்டவணை அச்சிடப்பட்டிருக்கும். அந்த அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் அது, கருவி புதிதாக இருந்த நாளில், குறிப்பிட்ட அளவுள்ள சக்கரத்தோடு, குறிப்பிட்ட ஓர் உரத்தை வைத்துத் தயாரிக்கப்பட்டது. இன்று உங்கள் கையில் இருக்கும் கருவியில் அந்த மூன்றுமே மாறியிருக்கும். உரத்தைத் தள்ளும் நட்சத்திரச் சக்கரத்தின் பற்கள் தேய்ந்திருக்கும், அடித்தட்டு அரித்திருக்கும், தரையில் உருண்டு கருவியை இயக்கும் சக்கரத்தின் டயரை முந்தைய உரிமையாளர் கிடைத்த அளவில் மாற்றியிருப்பார். டயரின் சுற்றளவு நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், அதே தூரத்தில் அந்தச் சக்கரம் அந்த அளவுக்குக் கூடுதலாகச் சுற்றும். உரமும் அந்த அளவுக்குக் கூடும். உரத்தின் எடையும் ஒன்றுபோல் இராது. ஒரு லிட்டர் கொள்ளளவில் யூரியா ஏறத்தாழ 750 கிராம்தான் இருக்கும். அம்மோனியம் சல்பேட்டோ ஒரு கிலோவை ஒட்டி வரும். கருவி கொள்ளளவைத்தான் அளக்கிறது, எடையை அன்று.

இவை எல்லாவற்றையும் அறிந்த பின்னும் ஒருவர் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதில்தான் நான் விழுந்தேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

என்னிடம் இருந்தது நான்கு வரிசைக் கருவி. ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் உரவாய், அதாவது பெட்டியிலிருந்து உரம் வெளியேறும் வாய். வரிசை இடைவெளி 75 செண்டிமீட்டர். வளர்ந்து நிற்கும் பயிருக்கு இடும் மேலுரமாக, எக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து இருப்பதால், அது எக்டேருக்கு 130 கிலோ யூரியா. அட்டவணையை நான் அப்படியே நம்பிவிடவில்லை. முதல் ஒரு மணி நேரம் ஓட்டியபின், எத்தனை மூட்டை தீர்ந்தது, எவ்வளவு பரப்பு முடிந்தது என்று கணக்கிட்டேன். எக்டேருக்குச் சரியாக 130 கிலோ வந்தது. இனிக் கவலையில்லை என்று வயல் முழுவதையும் ஓட்டி முடித்துவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து வயலில் கோடுகள் தெரிந்தன. ஆறு வரிசைகள் கரும்பச்சையாக இருக்க, அடுத்த இரண்டு வரிசைகள் சேர்ந்தாற்போல் வெளிறியிருந்தன. மீண்டும் ஆறு, மீண்டும் இரண்டு. வெளிறிய செடிகளின் அடியிலைகளில், நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சள் இறங்கியிருந்தது. தழைச்சத்துப் பற்றாக்குறைக்கு மக்காச்சோளம் காட்டும் தெளிவான அடையாளம் அது. போகும்போது கருவியின் வலக்கோடியில் இருக்கும் வாய், திரும்பி வரும்போது தான் முன்பு உரமிட்ட வரிசைக்குப் பக்கத்து வரிசையிலேயே ஓடும். எனவே ஒரு கோடியில் உள்ள வாய் கெட்டிருந்தால், வயலில் எட்டு வரிசைக்கு ஒருமுறை இரண்டு வரிசைகள் இணைந்து பட்டினி கிடக்கும். அந்தக் கோலத்தைப் பார்த்தவுடன் மண்ணையோ மழையையோ நோகாமல் நேராகக் கருவியிடம் போக வேண்டும்.

அன்று மாலையே நான்கு வாய்களிலும் பைகளைக் கட்டி, நூறு மீட்டர் ஓட்டி, தனித்தனியாக எடை போட்டேன். 75 செண்டிமீட்டர் இடைவெளியில் ஓர் எக்டேரில் 13,333 மீட்டர் வரிசை நீளம் இருக்கிறது. ஆகவே நூறு மீட்டருக்கு ஒரு வாயில் 980 கிராம் யூரியா விழ வேண்டும். விழுந்தவை: முதல் வாயில் 1,310 கிராம், இரண்டாவதில் 1,240, மூன்றாவதில் 890, நான்காவதில் 480. நான்கையும் கூட்டினால் 3,920. நான்கால் வகுத்தால் மிகச் சரியாக 980. அதாவது மூட்டைக் கணக்கு பிசகவே இல்லை. முதல் வரிசை எக்டேருக்கு 80 கிலோ என்ற வீதத்திலும், நான்காவது வரிசை 30 கிலோவுக்கும் குறைவான வீதத்திலும் தழைச்சத்தைப் பெற்றுக்கொண்டிருந்தன. கூட்டுத்தொகை அந்த வேறுபாட்டை முழுவதுமாக மறைத்துவிட்டது.

மிகுதியாகப் பெற்ற வரிசை, குறைவாகப் பெற்ற வரிசையின் இழப்பை ஈடுகட்டும் என்று எண்ண வேண்டாம். தேவைக்கு மேல் இட்ட தழைச்சத்துக்கு ஏற்ப விளைச்சல் கூடுவதில்லை. தேவைக்குக் கீழே போனால் குறைவதோ கடுமையாக இருக்கும். நான் தவறைக் கண்டுபிடித்தபோது பயிர் கருவியின் உயரத்தைத் தாண்டிவிட்டிருந்தது. வெளிறிய வரிசைகளுக்குக் கையாலேயே உரமிட்டோம். பச்சை திரும்பியது, ஆனால் கதிர்கள் குட்டையாகவே நின்றன, நுனியில் மணி பிடிக்கவில்லை.

ஆகவே, தயவுசெய்து ஒவ்வொரு வாயையும் தனியாக எடை போடுங்கள். சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் சுற்றிப் பார்ப்பது முதல் சரிபார்ப்புக்கு உதவும், அதோடு நிறுத்திவிடக்கூடாது. பொலபொலப்பான மண்ணில் இயக்கும் சக்கரம் சிறிது சறுக்கும். கருவி குலுங்குவதால் உரம் இறங்கும் விதமும் மாறும். எனவே உரமிடப்போகும் அதே வயலில், பெட்டியைப் பாதியளவு நிரப்பி, வேலை செய்யப்போகும் அதே கியரில், 50 மீட்டராவது ஓட்டி அளக்க வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். எந்த இரண்டு வாய்களுக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், பற்சக்கரத்தை மாற்றுவதில் பயனில்லை. அந்த வாயைப் பிரித்துப் பார்க்க வேண்டும். என் கருவியில் முதல் இரண்டு வாய்களின் அடித்தட்டு தேய்ந்து இடைவெளி கூடியிருந்தது. நான்காவது வாயின் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

விதைத்த வரிசைக் கணக்கை மறத்தல்

நான்கு வரிசை விதைப்புக் கருவியால் விதைத்த வயலில், மலிவாகக் கிடைத்தது என்பதற்காக ஆறு வரிசை உரக்கருவியைக் கொண்டு இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். விதைப்பின்போது ஒரே ஓட்டத்தில் விழுந்த வரிசைகளின் இடைவெளி மாறாது; ஆனால் ஓர் ஓட்டத்திற்கும் அடுத்த ஓட்டத்திற்கும் இடையிலுள்ள இடைவெளி ஓட்டுநரின் கண்ணளவைப் பொறுத்தது. அது 65 செண்டிமீட்டராகவும் இருக்கலாம், 85 ஆகவும் இருக்கலாம். ஆறு வரிசைக் கருவி அந்த இடைவெளியைத் தாண்டி அடுத்த ஓட்டத்திற்குள் நீளும்போது, மண்ணைக் கீறி உரத்தை இறக்கும் அதன் கொழு செடியின் மேலேயே ஏறும். விதைப்புக் கருவியும் உரக்கருவியும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இல்லையேல் நான்குக்கு இரண்டு என்பதுபோல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். விதைத்தபோது எந்த ஓரத்தில் தொடங்கினீர்களோ, அதே ஓரத்தில்தான் உரமிடவும் தொடங்க வேண்டும்.

வரிசைக்கு ஒரு வாய் என்றில்லாமல், வரிசைகளின் நடுவிடைவெளிகளில் உரமிடும் அமைப்பாக இருந்தால், இரு கோடிகளிலும் உள்ள வாய்கள் பாதியளவே போட வேண்டும். ஏனெனில் அந்த இடைவெளிக்குக் கருவி இரண்டு முறை வரும். இதை மறந்தால் அங்கே இரட்டிப்பு உரம் விழும்.

டிராக்டரின் சக்கர அகலத்தையும் இதே கணக்கில் வைக்க வேண்டும். 75 செண்டிமீட்டர் வரிசைக்கு, டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 150 செண்டிமீட்டர். பழைய டிராக்டர்களில் சக்கரத்தட்டைத் திருப்பிப் பூட்டி அகலத்தை மாற்ற முடியும். அரை நாள் வேலைதான். அதைத் தவிர்ப்பதற்காகச் செடிகளை மிதித்துச் செல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேர்களுக்குள் கொழுவை இறக்குதல்

உரம் செடிக்கு அருகில் விழுந்தால் விரைவில் சேரும் என்ற எண்ணத்தில், கொழுவை வரிசையை ஒட்டிப் பூட்டுகிறார்கள். ஆறாவது இலை முழுமையாக விரிந்த பயிரின் வேர்கள் அதற்குள் வரிசையின் இடைவெளியில் பக்கவாட்டாகப் பரவத் தொடங்கியிருக்கும். செடியிலிருந்து 15 முதல் 20 செண்டிமீட்டர் தள்ளி, 5 முதல் 8 செண்டிமீட்டர் ஆழத்தில் யூரியா விழுந்தாலே போதும். வேர் அதைத் தேடி வந்துவிடும். அருகில் இறக்கினால் வேரும் அறுபடும், செறிந்த உரத்தால் எஞ்சிய வேர் கருகவும் கூடும்.

பழைய கருவியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுத்தி வைத்து அளந்தால் 15 செண்டிமீட்டர் காட்டும் கொழு, ஓடும்போது அங்கேயே நிற்காது. கொழுவின் காலைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புஷ் (மூட்டில் இருக்கும் வளையம்) தேய்ந்த கருவியில் அது தாராளமாக ஐந்து செண்டிமீட்டர் ஆடும். கருவியைத் தாங்கும் டிராக்டரின் பின்கைகளைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் சங்கிலிகளும் தளர்ந்திருந்தால், மொத்தக் கருவியுமே ஆடும். அந்த ஆட்டத்தைக் குறைத்த பிறகே இடைவெளியை அளந்து பூட்ட வேண்டும்.

யூரியாவை மண்ணின் மேலேயே விட்டுவிடுதல்

உரம் விழுந்த கோட்டை மண் மூடவில்லை என்றால், யூரியா மண்ணிலுள்ள நொதியால் அம்மோனியாவாக மாறிக் காற்றில் கலந்துவிடும். வெப்பமும், மேல்மண்ணில் சிறிதளவு ஈரமும், முந்தைய பயிரின் சருகும் சேர்ந்திருக்கும் வயலில் இந்த இழப்பு மிகும். கொழுவுக்குப் பின்னால் மண்ணை இழுத்து மூடும் தகடுகள் பழைய கருவிகளில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அவற்றை மீண்டும் பொருத்த வேண்டும். ஒரு சங்கிலித் துண்டை இழுத்துச் செல்லவிட்டால்கூட ஓரளவு மூடும். மூட வழியே இல்லையென்றால், இரண்டொரு நாளில் நல்ல பாசனமோ மழையோ உறுதியாகக் கிடைக்கும் வேளையில் மட்டும் இடுங்கள்.

ஈரமண்ணில் இறங்குதல்

பிடித்த மண் கையில் உதிரவில்லை என்றால் அன்று ஓட்ட வேண்டாம்.

நின்ற இடத்தில் கருவியை இறக்குதல்

வரப்போரம் திரும்பியபின், டிராக்டரை நிறுத்திவிட்டுக் கருவியை இறக்கினால் உரக்குழாயின் வாயில் மண் அடைத்துக்கொள்ளும். இறக்கியபின் சிறிது பின்னே நகர்ந்தால் கட்டாயம் அடைக்கும். முன்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்போது மட்டுமே இறக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் திரும்பி எல்லாக் குழாய்களிலும் உரம் விழுகிறதா என்று பார்ப்பதற்குச் சில வினாடிகள் போதும். அதைச் செய்யாதவருக்கு ஒரு முழு வரிசை வெறுமையாகப் போகும்.

காலைப் பனியில் தொடங்குதல்

உரத்தூள் ஈர இலையிலும் குருத்திலும் ஒட்டிக் கருக்கும். அந்த நேரத்தில் தண்டும் விறைப்பாக இருந்து எளிதில் ஒடியும். வெயில் ஏறியபின் தொடங்குங்கள்.

கருவியின் உயரத்தைத் தாண்டிய பயிரில் நுழைதல்

ஆறு இலைப் பருவம் வரை மக்காச்சோளத்தின் வளர்முனை மண்ணுக்குள்ளேயோ மண்மட்டத்திலோ இருப்பதால், இலைகள் சிறிது கிழிந்தாலும் பயிர் மீண்டுவிடும். அதன்பின் வளர்முனை மேலே வந்துவிடுகிறது; அப்போது ஒடிந்த செடி கதிர் தராது. பழைய டிராக்டர்களின் அச்சு தாழ்வானது. கருவியின் குறுக்குச்சட்டமும் தாழ்வானதே. இரண்டின் அடியிலும் எத்தனை செண்டிமீட்டர் இருக்கிறது என்று முன்கூட்டியே அளந்து, பயிர் அந்த உயரத்தை எட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே வேலையை முடிக்கத் திட்டமிட வேண்டும். பயிர் தழைச்சத்தைப் பெருமளவில் உறிஞ்சத் தொடங்குவது எட்டு இலைப் பருவத்தை ஒட்டித்தான் என்பதால், அதற்குச் சற்று முன்பு இடுவதால் பயிருக்கு எந்தக் குறையும் வராது. வெகுமுன்பே இட்டுவிட்டால் மட்டும், மணற்பாங்கான நிலத்தில் மழை அதைக் கீழே இழுத்துச் சென்றுவிடும்.

வேலை முடிந்த மாலையில் பெட்டியை அப்படியே விட்டுவிடுதல்

யூரியா காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மிச்சம் கிடக்கும் கைப்பிடி உரம் ஒரே இரவில் கசிந்து, அடித்தட்டில் படர்ந்து, பின்பு காய்ந்து கல்லாகும். அதன் அடியில் இரும்பு துருப்பிடிக்கும். துருவும் உரமும் சேர்ந்து, திறப்பின் விளிம்பில் அடுக்கடுக்காக ஏறும். நான்காவது வாயை நான் கழற்றியபோது, திறப்பில் பாதியை அடைத்திருந்தது அத்தகைய ஓர் அடைதான். சுத்தியலும் உளியும் கொண்டே அதைப் பெயர்க்க முடிந்தது. முந்தைய பருவத்தின் கடைசி மாலையில், இருட்டிவிட்டது, நாளை கழுவிக்கொள்ளலாம் என்று அந்தப் பெட்டியைக் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியவன் நான்தான். இப்போது பெட்டியைக் காலி செய்து, தண்ணீரால் கழுவி, வெயிலில் உலர்த்தி, நட்சத்திரச் சக்கரங்களிலும் திறப்புகளிலும் எண்ணெய் தடவிய பிறகே கொட்டகைக்குள் வைக்கிறேன்; அடுத்த பருவத்தில் வெளியே எடுத்ததும் நான்கு பைகளைக் கட்டி மீண்டும் எடை போடுகிறேன்.