அமெரிக்க நீராவி ரயில் மாடல்: ஆரம்பத்திலேயே செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்க ரயில்களை மாடலாகக் கட்ட நினைப்பவர்கள் பலர் முதலில் தேடிப்போவது யூனியன் பசிபிக் கம்பெனியின் ‘பிக் பாய்’ எஞ்சினைத்தான். 1941-லும் 1944-லுமாக மொத்தம் 25 எஞ்சின்கள்தான் செய்தார்கள். கரியும் தண்ணீரும் சுமக்கிற டெண்டரோடு சேர்த்தால் நீளம் 40 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதன் மேல் ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அதையே முதல் எஞ்சினாக வாங்குவதுதான் பெரிய தவறு.

கணக்கைப் பாருங்கள். பலரும் வாங்கும் ஹெச்ஓ மாடல், நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அந்த அளவில் பிக் பாய் ஏறக்குறைய 46 செ.மீ. வரும். தொடக்க செட்டுகளில் கிடைக்கும் வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 18 அங்குலம், அதுவும் 46 செ.மீ.தான். அதாவது 40 மீட்டர் எஞ்சினை 40 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் திருப்பப் பார்க்கிறோம். நிஜ மெயின் லைனில் இப்படி ஒரு வளைவைப் பார்க்கவே முடியாது. நிஜ எஞ்சினில் முன் சக்கரத் தொகுதி மட்டும்தான் பக்கவாட்டில் திரும்பும். பின் தொகுதி பாய்லரோடு இறுகி நிற்கும். பல மாடல்களில் வளைவுக்காக இரண்டையுமே திரும்பும்படி செய்திருப்பார்கள். அதனால் 22 அங்குல வளைவில்கூட ஓடிவிடும். ஆனால் பாய்லரின் மூக்கு தண்டவாளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து லைனில் நிற்கும் பெட்டியை இடிக்கும். சின்ன மேசைதான் இருக்கிறது என்றால், பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டில் ஓடிய 0-6-0 எஞ்சின் ஒன்றோ, கூட்ஸ் வண்டிகளுக்குப் பரவலாகப் பயன்பட்ட 2-8-0 கன்சாலிடேஷன் வகையோ வாங்குங்கள் (இந்த எண்கள் வரிசையாக முன் சிறு சக்கரங்கள், ஓட்டும் சக்கரங்கள், பின் சிறு சக்கரங்களின் எண்ணிக்கை). சின்ன வளைவிலும் பார்க்க லட்சணமாக இருக்கும்.

ஏற்றத்திலும் இதே சிக்கல்தான். மீட்டருக்கு 2 செ.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு லைனுக்கு மேல் இன்னொன்றைக் கடத்த 8 செ.மீ. உயரம் வேண்டுமானால், ஏற மட்டும் 4 மீட்டர் தண்டவாளம் தேவை. இறங்க இன்னொரு 4 மீட்டர். பலகையை அறுக்கும் முன்பே இதைக் கணக்குப் போட்டுவிட வேண்டும்.

அடுத்தது காலக் குழப்பம். எனக்கு மனசு ஆறாத தவறு இதுதான். பெரிய கம்பெனிகளில் கடைசிவரை நீராவியை விடாமல் வைத்திருந்த நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னே 1960-ல் அதை நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் தொடங்கியது 1971-ல். ஆனாலும் ஆம்ட்ராக் பெட்டிகளை 1940-களின் எஞ்சின் இழுத்துப் போகிற மேசைகள் நிறைய உண்டு. ஒரு ஊர், ஒரு வருடம் என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். அப்புறம் ஒவ்வொரு பெட்டியாகச் சரிபார்க்கலாம். கூட்ஸ் பெட்டியின் பக்கவாட்டில், பொடி எழுத்தில், அது செய்யப்பட்ட மாதமும் வருடமும் ‘3-57’ என்பது போல அச்சிட்டிருக்கும். உங்கள் வருடம் 1950 என்றால் அந்தப் பெட்டிக்கு அங்கே இடமில்லை. கூரையையும் பாருங்கள்: பிரேக்மேன்கள் நடந்துபோகக் கூரைமேல் போட்டிருந்த நடைபலகை, 1960-களின் பிற்பகுதியிலிருந்து புதுப் பெட்டிகளில் கிடையாது.

பழையதும் புதியதும் சேரவே கூடாது என்பதல்ல. 4014 என்ற எண்ணுள்ள பிக் பாய், பழுதுபார்த்து 2019-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. அதன் பின்னால் இன்றைய டீசல் எஞ்சினும் போவதுண்டு. அந்தக் காட்சியைக் கட்டுங்கள், தாராளமாக. ஆனால் டெண்டரில் கரியைக் குவிக்காதீர்கள். இப்போதைய 4014 எண்ணெயில் ஓடுகிறது.

நீராவி எஞ்சின் என்றாலே கறுப்பு என்று நினைப்பதும் தவறு. 1860-களின் எஞ்சின்கள் பளிச்சென்ற வண்ணங்களில் பித்தளை மினுங்க ஓடின. அமெரிக்காவின் குறுக்கே போட்ட ரயில் பாதை இணைந்தபோது, 1869 மே 10-ல் யூட்டாவின் புரோமன்டரி சம்மிட்டில் எதிரெதிரே வந்து நின்ற இரண்டு எஞ்சின்களைச் செய்பவர்கள் புகைபோக்கியையும் கவனிக்க வேண்டும். சென்ட்ரல் பசிபிக்கின் ஜுபிடர் விறகில் ஓடியது. தீப்பொறி பறக்காமல் தடுக்க அதற்கு மேலே அகன்ற புகைபோக்கி. யூனியன் பசிபிக்கின் 119-ஆம் எண் எஞ்சின் கரியில் ஓடியது. அதற்கு நேரான குழாய். இரண்டுக்கும் ஒரே புகைபோக்கியை ஒட்டிவிட்டால் விஷயமே போய்விடும்.

அமெரிக்காவிலிருந்து செட் வரவழைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நம் ஊரில் 230. அடாப்டர் மாட்டினால் பிளக்கின் வடிவம்தான் மாறும், வோல்ட் மாறாது. செட்டோடு வரும் பவர் பேக்கின் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) அடியில் 120 என்று மட்டும் போட்டிருந்தால் நேராகச் செருகாதீர்கள், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள், அல்லது இங்கேயே 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் வாங்குங்கள். லயனல் என்ற பொம்மை ரயில் கம்பெனியின் பழைய மூன்று தண்டவாள ரயில்கள் ஏசியில் ஓடுபவை; அவற்றின் டிரான்ஸ்ஃபார்மரை ஹெச்ஓ தண்டவாளத்தில் இணைக்கவே கூடாது.

எஞ்சின் தயங்கித் தயங்கி நின்றால் தண்டவாளம் அழுக்காயிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அதில்தான் அடுத்த அழுக்கு சேரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும், சக்கரங்களையும் சேர்த்து.