ஒரே ஒரு பேஸ் (டிஎன்ஏ எழுத்து) தள்ளிப்போய் 4 நாள் போச்சு

ஒரு குணம் எந்த டிஎன்ஏ பகுதியோட சேர்ந்து குடும்பத்துல இறங்குதுன்னு பாக்குற லிங்கேஜ் ஸ்டடிக்கு பெத்தவங்க சாம்பிள் ஒரு பேட்ச், பிள்ளைங்க சாம்பிள் அடுத்த பேட்ச்சுன்னு ஜெனோடைப்பிங்குக்கு அனுப்பியிருந்தேன், டேட்டாவை பெட்செக்ல (குடும்பத்துக்குள்ள டேட்டா ஒத்துப்போகுதான்னு பாக்குற சாஃப்ட்வேர்) போட்டா ஒரே ஒரு மார்க்கர்ல (டிஎன்ஏல நாம அளக்குற ஒரு இடம்) மட்டும் அப்பா அம்மாகிட்ட இல்லாத அலீல் (அந்த இடத்தோட ஒரு வடிவம்) பிள்ளைங்களுக்கு இருக்கு. டியூப் மாறிடுச்சோன்னு டிஎன்ஏ மறுபடி எடுத்தேன், ஆனா மத்த மார்க்கர் எல்லாம் சரியாத்தானே இருக்கு. நீளம் அளக்கப் போடுற சைஸ் ஸ்டாண்டர்டும் ஓகே.

கடைசியா டிஎன்ஏ துண்டோட நீளத்தைக் காட்டுற பீக்கை பெரிசு பண்ணிப் பாத்தேன். சி, ஏன்னு ரெண்டு எழுத்தே திரும்பத் திரும்ப வர்ற சிஏ ரிப்பீட்ல 2 பேஸ் வித்தியாசம்தான வரணும், இங்க 1 பேஸ், உச்சி வேற ரெண்டா பிளந்திருக்கு! பிசிஆர்ல டிஎன்ஏவை நகலெடுக்கிற டாக் என்சைம் முனைல ஒட்டுற அந்த கூடுதல் 'ஏ', ஒரு பேட்ச்ல முழுசா இன்னொண்ணுல பாதியா ஒட்டியிருக்கு. அந்த 'ஏ' எல்லாத்துலயும் முழுசா ஒட்டுறதுக்காக ரிவர்ஸ் பிரைமரோட (நகலெடுக்கத் தொடங்கி வைக்கிற குட்டி டிஎன்ஏ) 5' முனைல ஜிடிடிடிசிடிடி வால் சேத்து, பிசிஆரோட கடைசிப் படியான ஃபைனல் எக்ஸ்டென்ஷனை 45 நிமிஷமாக்கி, எல்லாரையும் ஒரே பிளேட்ல சிஇபிஎச் 1347-02ங்கிற கன்ட்ரோல் டிஎன்ஏவோட ஓட்டினதும் எரர் போயிடுச்சு, அப்பாடா. புது சைஸை பழைய சைஸோட மட்டும் கலந்துடாதீங்க, வாலே 7 பேஸ் கூட்டும்.