டோல் ஏற்பிகளின் குடிவழியை வரைவது எப்படி: சென்னைக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு செய்முறை

சென்னைக் கல்லூரிகளில் விலங்கியலோ உயிரித் தொழில்நுட்பமோ படிப்பவர்கள், இறுதியாண்டு ஆய்வேட்டுக்குப் பொருள் தேடும்போது, வேதிப்பொருளுக்கும் கருவிக்கும் பணமில்லை என்பதையே முதல் தடையாகச் சொல்வதுண்டு. நோயெதிர்ப்பு ஏற்பி மரபணுக்களின் பரிணாமத்தைத் தடம்பிடிக்க அந்தத் தடை பொருட்டே அல்ல. மனிதன், கோழி, வெள்ளாடு, கொடுவா, இறால் எனப் பல விலங்குகளின் மரபணுத்தொகுதிகள் பொதுத் தரவுத்தளங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மடிக்கணினியும் இணையமும் பொறுமையும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஆனால் தரவுத்தளம் ஒரு மரபணுவுக்குச் சூட்டிய பெயரையே அதன் வரலாறு என்று எடுத்துக்கொள்வதும், தேடலில் அகப்படாததை உடனே "இல்லை" என்று எழுதிவிடுவதும் இத்தகைய ஆய்வேடுகளை எளிதில் கெடுத்துவிடும். இந்தச் செய்முறை அவ்விரண்டையும் தவிர்ப்பதைப் பற்றியது.

முதலில் எந்த ஏற்பிக் குடும்பத்தை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். எதிர்ப்பொருள் மரபணுக்கள் கவர்ச்சியானவை என்றாலும் தொடக்கத்துக்கு ஏற்றவை அல்ல. அவை மரபணுத்தொகுதியில் துண்டுகளாகவே கிடக்கின்றன. வெள்ளணுக்களில் ராக் நொதிகள் அத்துண்டுகளை வெட்டி ஒட்டிய பிறகே முழு மரபணு உருவாகிறது. துண்டுகள் இப்படி இணைக்கப்படுவதைக் கண்டறிந்ததற்காகச் சுசுமு தொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. தாடையற்ற லாம்ப்ரே மீனில் 2004இல் கண்டறியப்பட்ட வேறுவகை ஏற்பிகளும் வெள்ளணுவுக்குள்தான் முழுமை பெறுகின்றன. கிருமிகளை உணரும் டோல் போன்ற ஏற்பிகளில், அதாவது டி.எல்.ஆர். குடும்பத்தில், இந்தச் சிக்கல் இல்லை: ஒரு மரபணு ஒரு முழுப் புரதத்தைத் தருகிறது, முதுகெலும்பிகளில் இவற்றுள் பலவற்றின் புரதக் குறியீடு ஒரே எக்ஸானில், அதாவது மரபணுவின் ஒரே குறியீட்டுத் துண்டில், அடங்கியிருப்பதால் தேடுவதும் எளிது.

இக்குடும்பத்தின் பின்னணி சுருக்கமாக இதுதான். பழ ஈயின் கருவளர்ச்சியை ஆராய்ந்தபோது டோல் மரபணு தெரியவந்தது. ஈயைப் பூஞ்சையிடமிருந்து காப்பதும் அதுவே என்று ஜூல்ஸ் ஹாஃப்மனின் குழு 1996இல் காட்டியது. மறு ஆண்டே மனிதனில் அதன் உறவு மரபணுவை மெட்ஜிட்டோவும் ஜேன்வேயும் விவரித்தனர். பாக்டீரியாவின் புறச்சவ்விலுள்ள லிப்போபாலிசாக்கரைடை உணர்வது டி.எல்.ஆர். 4 என்று புரூஸ் பாய்ட்லரின் குழு 1998இல் நிறுவியது. ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

விலங்குகளைத் தேர்ந்தெடுக்கும்போது எண்ணிக்கையில் மயங்கக் கூடாது. மனிதனில் செயல்படும் டி.எல்.ஆர்.கள் 10, சுண்டெலியில் 12, கோழியில் 10. பழ ஈயில் டோல் மரபணுக்கள் 9. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுவில் ஒன்றே ஒன்று. 2006இல் மரபணுத்தொகுதி வெளியான ஊதா நிறக் கடல் முள்ளெலியிலோ 222 எண்ணப்பட்டன. அந்த 222ஐயும் முதல் குடிவழி மரத்தில் ஏற்றினால் வரைபடம் படிக்க முடியாமல் போகும்; அவற்றுள் பெரும்பாலானவை அந்தக் கிளையிலேயே பெருகியவை என்பதால் மாதிரிக்குச் சில போதும். பத்துப் பதினைந்து முதுகெலும்பிகளோடு தொடங்குவதே என் பரிந்துரை. இராஜா அண்ணாமலைபுரத்தில் உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய நிறுவனமும் மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இருக்கும் ஊரில், கொடுவாவையும் கோழியையும் வெள்ளாட்டையும் பட்டியலில் சேர்த்தால், முடிவைப் பற்றிப் பேசுவதற்கு அருகிலேயே ஆள் கிடைப்பார்கள். இறாலைச் சேர்க்கலாம், ஆனால் பூச்சி, இறால் ஆகியவற்றின் டோல்களுக்கும் நம் டி.எல்.ஆர்.களுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தம் கிடையாது. பழ ஈயின் டோல் கிருமியை நேராகத் தொடுவதுகூட இல்லை. ஈயின் உடலே உருவாக்கும் ஸ்பேட்ஸல் என்னும் புரதத்தையே பற்றுகிறது.

வரிசைகளைத் திரட்ட என்.சி.பி.ஐ., என்செம்பிள் ஆகிய இரண்டு தளங்களும் போதும். மனிதனின் புரத வரிசையை எடுத்துக்கொண்டு, மற்ற விலங்கின் புரதப் பட்டியலில் ஒருமுறையும், டி.என்.ஏ.வைப் புரதமாக மொழிபெயர்த்து ஒப்பிடும் டி-பிளாஸ்ட்-என் வழியாக அதன் மரபணுத்தொகுதியிலேயே மற்றொரு முறையும் தேடுங்கள். மரபணுக்களைக் குறித்தவர்கள் விட்டுவிட்டவை இரண்டாம் தேடலில்தான் சிக்கும். என்.சி.பி.ஐ. எண் "எக்ஸ்.பி." என்று தொடங்கினால் அது கணினி கணித்த வரிசை, "என்.பி." என்று தொடங்கினால் ஆதாரங்களோடு தொகுக்கப்பட்ட வரிசை என்பதை அட்டவணையில் தனி நெடுவரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். புரதத்தோடு அதன் குறியீட்டு டி.என்.ஏ. வரிசையையும் அப்போதே இறக்கிவைத்தால் பின்னால் இன்னொரு முறை அலைய வேண்டியதில்லை.

திரட்டியவை அனைத்தும் டி.எல்.ஆர். அல்ல. ஒரு முழு ஏற்பியில், வெளியே லூசின் நிறைந்த மீள்கூறுகளும், நடுவே சவ்வை ஊடுருவும் பகுதியும், உள்ளே ஏறத்தாழ 150 அமினோ அமிலங்கள் கொண்ட டி.ஐ.ஆர். செயற்களமும் இருக்க வேண்டும். டி.ஐ.ஆர். களம் மட்டும் இண்டர்லூகின்-1 ஏற்பியிலும் எம்.ஒய்.டி. 88 புரதத்திலும் உண்டு. தாவரங்களின் நோயெதிர்ப்புப் புரதங்களில்கூட உண்டு. ஆகவே ஒவ்வொரு வரிசையையும் இண்டர்ப்ரோ அல்லது ஸ்மார்ட் தளத்தில் இட்டு மூன்று பகுதிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீளமும் துணைசெய்யும்: மனிதனின் டி.எல்.ஆர். 4இல் 839 அமினோ அமிலங்கள், டி.எல்.ஆர். 5இல் 858. நானூறில் முடிந்துவிடும் வரிசை பெரும்பாலும் அரைகுறையானது.

அடுத்து வரிசைகளை மாஃப்ட் என்னும் மென்பொருள் கொண்டு ஒப்பமைத்து, கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, ஐ.க்யூ.-ட்ரீ மென்பொருளில் மரம் வரையுங்கள். அமினோ அமிலங்கள் மாறும் விதத்தைக் கணிக்கும் பொருத்தமான பதிலீட்டு மாதிரியை அந்த மென்பொருளே தேர்ந்துகொள்ளும். கத்திரி வெயிலில் மடிக்கணினியை இரவெல்லாம் ஓடவிடுவதைவிட அதன் இணையச் சேவையில் வேலையை ஏற்றிவிடுவது நல்லது. கிளையின் நம்பகத்தைக் காட்டும் அதிவேக பூட்ஸ்ட்ராப் மதிப்பு 95க்குக் குறைந்த கிளைகளைப் பற்றி உறுதியான வாக்கியம் எழுத வேண்டாம்.

நிதானம் மிகவும் தேவைப்படும் கட்டம் இனித்தான் வருகிறது. ஒரே புரதத்தின் இரு பகுதிகளுக்கு இரு வரலாறுகள் இருக்கக்கூடும் என்பதால், வெளிப்பகுதிக்கு ஒரு மரமும் டி.ஐ.ஆர். களத்துக்கு ஒரு மரமும் தனித்தனியே வரைய வேண்டும். மனிதனில் 4ஆம் குரோமோசோமில் டி.எல்.ஆர். 1, 6, 10 மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. பாலூட்டிகளின் 1ஐயும் 6ஐயும் எடுத்து வெளிப்பகுதியின் முன்பாதியைக் கொண்டு மரம் வரைந்தால், எல்லா விலங்குகளின் 1உம் ஒரு கிளையில், எல்லா 6உம் மறு கிளையில் சேரும், டி.ஐ.ஆர். களத்தைக் கொண்டு வரைந்தாலோ, ஒரே விலங்கின் 1உம் 6உம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மரபணு மாற்றீடு என்னும் நிகழ்வே இதற்குக் காரணம்: அருகருகே உள்ள இரு பிரதிகளில் ஒன்றின் வரிசை மற்றொன்றின் மேல் படியெடுக்கப்பட்டு, பழைய வேறுபாடு அழிந்துவிடுகிறது. முழுப் புரதத்துக்கும் ஒரே மரம் வரைந்தவர், இப்பிரதிகள் ஒவ்வொரு விலங்கிலும் அண்மையில்தான் தனித்தனியே தோன்றின என்று எழுதிவிடக்கூடும். உண்மையில் இரட்டிப்பு பழையது, புதியது அழிப்புத்தான்.

பெயரைச் சரிபார்க்க மரம் மட்டும் போதாது. மரபணுவின் அண்டை மரபணுக்களையும் பார்க்க வேண்டும். வரிக்குதிரை மீனின் டி.எல்.ஆர். 4 பிரதிகள் இதற்கு நல்ல பாடம். அவை லிப்போபாலிசாக்கரைடை மனித ஏற்பிபோல் உணர்வதில்லை என்று 2009இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. குரோமோசோமில் அவை நிற்கும் சூழலும் மனிதனின் டி.எல்.ஆர். 4 நிற்கும் சூழலோடு ஒத்துப்போகவில்லை.

தேர்வு அழுத்தத்தை, அதாவது புரதத்தை மாற்றும் மாற்றங்களுக்கும் மாற்றாதவற்றுக்கும் உள்ள விகிதத்தை, அளக்க விரும்புவோர் பி.ஏ.எம்.எல். அல்லது டேட்டாமங்கி தளத்தைப் பயன்படுத்தலாம். ஏற்பி முழுவதற்குமான சராசரி விகிதம் ஒன்றுக்கு வெகு கீழே இருப்பதைக் கண்டு மனம் தளர வேண்டாம். மாற்றத்தை விரும்பும் தேர்வு வெளிப்பகுதியின் சில இடங்களில் மட்டுமே தெரிவது வழக்கம். மரபணு மாற்றீடு நடந்த பகுதிகளை முன்கூட்டியே விலக்காவிட்டால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும்.

கடைசியாக, இல்லாமையைப் பற்றி. உண்மையான இழப்புகள் உண்டு: அட்லாண்டிக் காட் மீன், கிருமியின் துண்டுகளை வெள்ளணுக்களுக்குக் காட்டும் எம்.எச்.சி. இரண்டாம் வகை மரபணுக்களையே இழந்திருப்பது 2011இல் வெளியானது, சுண்டெலியின் டி.எல்.ஆர். 10 ரெட்ரோவைரஸ் நுழைவால் சிதைந்துகிடக்கிறது. பாடும் பறவைகள் பலவற்றில் டி.எல்.ஆர். 5 செயலிழந்த போலி மரபணுவாகிவிட்டது. போலி இழப்புகளும் உண்டு. பறவைகளில் அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப்.-ஆல்ஃபா புரதம் இல்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கோழியில் அது 2018இல் விவரிக்கப்பட்டது. வரிக்குதிரை மீனில் டி.எல்.ஆர். 4க்குத் துணைநிற்கும் எம்.டி.-2 புரதமும் இல்லை என்றே நம்பப்பட்டுவந்து 2021இல் அகப்பட்டது. குவானினும் சைட்டோசினும் செறிந்த பகுதிகளைப் பழைய வரிசையறிமுறைகள் சரியாகப் படிக்காததும், விரைவாக மாறும் மரபணு ஒப்பீட்டில் அடையாளம் தெரியாமல் போவதும் இத்தகைய தவறுகளுக்கு வழக்கமான காரணங்கள். ஆகவே "இல்லை" என்று எழுதுமுன், அண்டை மரபணுக்கள் இரண்டும் ஒரே தொடர்ச்சியான துண்டில் இடைவெளியின்றி இருக்கின்றனவா, நெருங்கிய உறவு விலங்குகளிலும் அதே இடம் காலியாக இருக்கிறதா, சிதைந்த எச்சம் ஏதேனும் கிடைக்கிறதா என்று பாருங்கள். புரதத்தை இடையிலேயே முடித்துவிடும் நிறுத்தக் குறியீடு ஒன்றைக் கண்டதுமே மரபணு இறந்துவிட்டது என்று முடிவுகட்டவும் வேண்டாம்: மனிதரிலேயே பலருக்கு டி.எல்.ஆர். 5இன் 392ஆம் இடத்தில் நிறுத்தக் குறியீடு இருக்கிறது, ஏனையோருக்கு இல்லை. தரவுத்தளத்தில் உள்ள மரபணுத்தொகுதியோ பெரும்பாலும் ஒரே ஒரு விலங்கினுடையது. இந்த மூன்று சோதனைகளுக்கும் விடை கிடைக்காத இடங்களில், பயன்படுத்திய மரபணுத்தொகுதியின் பதிப்பு எண்ணையும் தேடிய நாளையும் குறித்து, "இப்பதிப்பில் காணப்படவில்லை" என்று மட்டும் அட்டவணையில் எழுதுங்கள்.