தொடைக்குக் கரன்ட் வைக்கும் மெஷின்: வீட்டில் முதல்முறை பயன்படுத்துவோருக்கு

முட்டி ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் தொடை சூம்பிப் போய்விடும். ‘இறுக்குங்க’ என்றால் இறுக்க வராது. அப்போதுதான் பிசியோதெரபிஸ்ட் ‘கரன்ட் வைக்கலாம்’ என்பார். வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சின்ன இ.எம்.எஸ். மெஷின் (கரன்ட் கொடுத்துத் தசையை இறுக வைக்கும் கருவி) ஒன்றை வாங்கச் சொல்வதும் உண்டு.

புதிதாக வாங்கியவர்கள் தோல் குறுகுறுத்ததுமே போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். வலியைக் குறைக்கும் டென்ஸ் மெஷினுக்கு அந்தக் குறுகுறுப்பு போதும். இ.எம்.எஸ். தசைக்குப் போகும் நரம்பைத் தூண்டுவது. சதை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறுகினால்தான் பலன்.

யார் தொடக்கூடாது?

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், காலில் ரத்தக்கட்டு இருப்பவர்கள், பேட் (கரன்டைத் தோலுக்குக் கொடுக்கும் ஒட்டுப்பட்டை) ஒட்டும் இடத்தில் புற்றுநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைக்கால் வீங்கிச் சூடாக வலித்தால் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். சுகரால் கால் மரத்துப்போனவர்களுக்குத் தோல் சுடுவதே தெரியாது, அவர்களுக்கும் இது ஆபத்து. கழுத்தின் முன்பக்கம், தலை, மார்பு ஆகிய இடங்களில் யாரும் வைக்கக்கூடாது. முட்டி மாற்று ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இதை வைப்பது வழக்கம்தான். ஆனால் தையல் ஆறாத தோல்மேல் ஒட்டாதீர்கள்.

தோலும் பேடும்

தேங்காய் எண்ணெயோ தைலமோ தேய்த்த காலில் பேடை ஒட்டாதீர்கள். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் கரன்ட் சரியாகப் போகாமல், மிச்ச இடத்தில் குவிந்து சுரீர் என்று குத்தும், புண்ணும் ஆகலாம். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து ஈரம் காயவிடுங்கள். முடி அடர்த்தியாக இருந்தால் கத்தரியால் குறைத்தால் போதும். புதிதாக ஷேவ் செய்த தோலில் ஒட்டினால் எரியும்.

தொடைக்குப் பெரிய பேட்தான் சரி, 5×9 செ.மீ. அளவில் கிடைக்கும். ஒன்றை இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சாண் கீழே, தொடையின் முன்பக்கம் சற்று வெளிப்புறமாக ஒட்டுங்கள். இன்னொன்று முட்டிச் சில்லுக்கு நாலு விரல் மேலே, உட்புறம். நல்ல காலை இறுக்கிப் பாருங்கள், அங்கே ஒரு சதை உருண்டு எழும். அந்தச் சதைதான் இலக்கு. பேடின் ஓரம் எங்கும் தூக்கிக்கொண்டு நிற்கக்கூடாது.

எப்படி வைப்பது?

மெஷினில் இவற்றை மாற்ற முடிந்தால், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு துடிப்பின் நீளம் 300 மைக்ரோ செகண்ட், 10 விநாடி கரன்ட், 50 விநாடி ஓய்வு என்று வையுங்கள். ஓய்வு நீளமாகத் தோன்றும், குறைக்க வேண்டாம். நாமாக இறுக்கும்போது தசை நார்கள் முறைவைத்து வேலை செய்யும், மெஷினோ அதே நார்களை ஒரே நேரத்தில் திரும்பத் திரும்ப இழுப்பதால் அவை சீக்கிரம் களைத்துவிடும். 15 நிமிடத்தில் 15 இறுக்கம் ஆகிவிடும். வாரம் மூன்று நாள் போதும். உங்கள் பிசியோ வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மல்லாந்து படுத்து முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். கரன்ட் அளவு பூஜ்யத்தில் இருக்கும்போதே ஆன் செய்து, ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். முதலில் குறுகுறுக்கும், அப்புறம் சதை துடிக்கும், அதற்கும் மேலே போனால் தொடை இறுகி முட்டிச் சில்லு மேலே நகர்வது தெரியும். தாங்க முடிகிற அளவில் அங்கேயே நிறுத்துங்கள். கரன்ட் வரும்போதெல்லாம் நீங்களும் முட்டியால் துண்டை அழுத்துங்கள். மெஷின்பாட்டுக்கு ஓடட்டும் என்று போன் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிப் பலன் போச்சு.

குத்துகிறது, ஆனால் இறுகவில்லையா? மெஷினை அணைத்துவிட்டு, பேடை ஒரு விரல் தள்ளி ஒட்டிப் பாருங்கள். மெஷின் ஓடும்போது பேடைப் பிடுங்காதீர்கள். ஈரமான இடத்தில், தூக்கத்தில், வண்டி ஓட்டும்போது, சார்ஜ் ஏறும்போது வேண்டாம்.

முடிந்த பிறகு

பேட் இருந்த இடம் கொஞ்ச நேரம் சிவந்திருப்பது சகஜம். மறுநாளும் சிவப்பு மாறாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ நிறுத்துங்கள். ஒன்றிரண்டு நாள் சதை வலிக்கலாம். ஆனால் கடுமையான வலியோடு சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலை அது. ஆரம்பத்திலேயே அளவு மீறி உடம்பு முழுக்க வைத்துக்கொண்டவர்களுக்கு இப்படி ஆனதுண்டு.

தொப்பை குறையும் என்று விளம்பரம் வரும். இந்த மெஷினால் மட்டும் எடை குறையாது என்று அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ.வே சொல்லிவிட்டது. அதற்காக வாங்குவதாக இருந்தால் காசை மிச்சம் பிடியுங்கள்.

பேடை வயரைப் பிடித்து இழுக்காமல் ஓரத்தைப் பிடித்து உரித்து, அதோடு வந்த பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி வையுங்கள். பசை குறைந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவலாம். அப்படியும் ஒட்டாத பேடை டேப் போட்டுச் சமாளிக்காமல் புதிதாக வாங்கிவிடுங்கள். ஒருவர் பேடை இன்னொருவர் பயன்படுத்த வேண்டாம்.