ஃப்ளாஷ் பக்கம் காலியா? பழைய பதிலை நம்பாத டீபக் டூல் எழுதுவது எப்படி

64 கேபி ஃப்ளாஷ் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) உள்ள எஸ்டிஎம்32 எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. பக்கத்துக்கு 1 கேபி, 0 முதல் 63 வரை. டீபக் டூலில் (சிப்பை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் மென்பொருள்) சிப்பை ஹால்ட் செய்துவிட்டு, அதாவது நிறுத்திவிட்டு, 63-ஆம் பக்கம் காலியா என்று பார்க்கிறீர்கள், காலி. கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி நிறுத்துகிறீர்கள். அதற்குள் ஃபர்ம்வேர் (சிப்பில் ஓடும் நிரல்) அங்கே ஒரு கவுண்டரை எழுதிவிட்டது. டூல் இன்னும் 'காலி' என்றே நினைத்தால், அழிக்காமல் எழுதப் போகும். ஃப்ளாஷில் 1-ஐ 0 ஆக்கலாம். 0-வை 1 ஆக்க முழுப் பக்கத்தையும் அழித்தாக வேண்டும்.

சரி, ஓப்பன்ஓசிடி என்ற ஓப்பன் சோர்ஸ் டீபக் டூல் கையாளும் முறையை அடிப்படையாக வைத்து நம் டூலைச் சரிசெய்வோம்.

படி 1: ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று நிலை வையுங்கள்: 1 என்றால் காலி, 0 என்றால் காலியில்லை, -1 என்றால் தெரியாது. தொடக்கத்தில் எல்லாம் -1. வெறும் ஆம்/இல்லை வைத்தால் 'தெரியாது' என்று சொல்ல இடமே இருக்காது.

படி 2: 1 அல்லது 0 என்று குறிக்கும் உரிமை, சிப்பைப் படித்துச் சோதிக்கும் ஃபங்ஷனுக்கு மட்டும். புதிதாக எழுதுபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: அழிக்கும் ஃபங்ஷன் முடிந்ததும் 1 என்று குறித்துவிடுவார்கள். அழிக்கச் சொன்னோம் என்பதால் அழிந்துவிட்டது என்று ஆகாது. சோதனை மெதுவாகுமே என்ற பயமும் வேண்டாம்; ஓப்பன்ஓசிடி சிப்பின் ரேமில் ஒரு குட்டி நிரலை ஏற்றி, சிப்பையே சோதிக்க வைக்கிறது. அதற்கு ரேமில் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் போதும்.

காலி என்றால் எல்லா பிட்டும் 1 என்று கோடில் நிரந்தரமாக எழுதிவிடாதீர்கள். எஸ்டிஎம்32 எல்0, எல்1 வரிசையில் அழித்த இடம் 0 ஆக இருக்கும்.

படி 3: ரன், ரீசெட், பவர் போய் வருவது, நீங்களே அழிப்பது, எழுதுவது: எது நடந்தாலும் எல்லாவற்றையும் -1 ஆக்குங்கள்.

படி 4: ஒரு பக்கத்தில் எழுதவிடாமல் பூட்டும் பாதுகாப்பு நிலைக்கும் இதே விதிதான். ஆனால் எஃப்103-இல் ஆப்ஷன் பைட்டை (இந்தப் பூட்டு போன்ற அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) மாற்றினால், ரீசெட் ஆன பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். அப்புறம் படியுங்கள்.

படி 5: கவுண்டர் எழுதும் ஃபர்ம்வேரை ஏற்றி, 63-ஆம் பக்கத்தை அழித்துச் சோதியுங்கள்; காலி என்று வரும். ஓடவிட்டு நிறுத்துங்கள். இப்போது டூல் அந்தப் பக்கத்துக்கு -1 காட்ட வேண்டும். மறுபடி சோதித்தால் 0.