நாடி பார்க்கும் வாட்ச் வாங்குமுன் கையைப் பாருங்கள்

கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடக்கிறவர்களில் பலருடைய மணிக்கட்டில் இப்போது பச்சை வெளிச்சம் மினுக்குகிறது. காலையில் அவர்களோடு நானும் நடக்கிறேன். மாலையில், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன். இரண்டு இடத்திலும் அடிக்கடி வரும் கேள்வி, "சார், எந்த வாட்ச் வாங்கலாம்?" என்பது. விலை, திரை, பேட்டரி எல்லாவற்றையும் செல்போனில் தேடி வைத்திருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உடற்பயிற்சி செய்யும்போது உங்கள் கை என்ன செய்கிறது?"

இதை யோசிக்காமல் வாங்குவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. பணம் வீணாவதையாவது தாங்கிக்கொள்ளலாம். தப்பான எண்ணை நம்பி உடம்பை வருத்திக்கொள்வதைப் பார்க்கத்தான் மனசு கேட்பதில்லை.

வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை வெளிச்சத்துக்கு ஒரே ஒரு வேலை. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை துடிக்கும்போது தோலுக்கடியில் உள்ள நுண்ணிய குழாய்களில் ரத்தம் கொஞ்சம் கூடுகிறது, திரும்பி வரும் வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் வாட்ச் துடிப்பைச் சொல்கிறது. அப்படியானால் தோலின் மேல் வாட்ச் குலுங்கினாலும் வெளிச்சம் ஏறி இறங்கும் அல்லவா? வாட்ச்சுக்கு எது ரத்தம், எது குலுக்கல் என்று பிரிப்பதுதான் பாடு. அதில் அது தோற்கும் இடங்கள் நிறைய.

போன வருடம் ஒரு பையன் முகம் வாடி வந்தான். மெதுவாக ஓட ஆரம்பித்த முதல் நிமிடத்திலேயே ஹார்ட் ரேட் 176 காட்டுகிறது, இதயத்தில் ஏதோ கோளாறு என்று பயம். வீட்டில் சொல்லவும் இல்லை, இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவும் இல்லை. அவனை ஓடவிட்டு, நிறுத்தச் சொல்லி, உடனே கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன். 33 துடிப்பு. நான்கால் பெருக்கினால் 132. பிறகு அவன் ஓடும்போது காலடிகளை எண்ணினோம். நிமிடத்துக்கு 176 அடி! கை வீச்சின் தாளத்தை நாடி என்று எடுத்துக்கொண்டு வாட்ச் அதையே காட்டிக்கொண்டிருந்தது. ஓடுகிறவர்களின் அடிவேகம் பெரும்பாலும் 160, 180 அளவில் இருப்பதால் அந்த எண் நம்பும்படியாகவே இருக்கும். ஓட்டத்தின்போது 170க்கு மேல் அசையாமல் ஒரே எண் நின்றால் முதலில் காலடியைச் சந்தேகப்படுங்கள். கழுத்திலோ மணிக்கட்டிலோ எண்ணிப் பார்த்த பிறகும் எண் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

சிலம்பம் சுற்றுகிறவர்களுக்கு இதைவிடச் சிரமம். மணிக்கட்டு சுழலும்போது தசையும் தசைநாணும் வாட்ச்சை மேலே தள்ளும். டம்பெல்ஸ், பார் என்று இறுக்கிப் பிடிக்கும் எல்லா வேலையிலும் இதே கதை. கொள்ளிடக் கரையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் கைப்பிடியின் அதிர்வும் சேர்ந்துகொள்ளும். இவர்கள் எவ்வளவு விலை கொடுத்து மணிக்கட்டு வாட்ச் வாங்கினாலும் குறை முழுதாகத் தீராது. புஜத்தில் கட்டும் பட்டை இருக்கிறது. அதிலும் ஒளிதான், ஆனால் அங்கே சதை அதிகம், ஆட்டம் குறைவு. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் நெஞ்சுப் பட்டை. அது ஒளியை நம்புவதில்லை. ஈசிஜி போல இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-லேயே கம்பியில்லாமல் இதைச் செய்து காட்டியது. 200 மீட்டர் வேகமாக ஓடி, நின்று, மறுபடி ஓடும் பயிற்சிக்கு நெஞ்சுப் பட்டைதான் சரி. மணிக்கட்டு வாட்ச் பல விநாடி பின்தங்கியே வரும். நீங்கள் ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் அதன் எண் உச்சிக்குப் போகும்.

வெறும் நடைக்கு மட்டும் என்றால்? சாதாரண ஃபிட்னஸ் பேண்ட் போதும். நடைக்காக மட்டும் நெஞ்சுப் பட்டை வாங்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். கபடி ஆடுகிறவர்கள் களத்தில் எதையும் கட்டாதீர்கள். பிடியில் வருகிறவனின் விரல் வாரில் மாட்டினால் எலும்பு முறியும்.

நெஞ்சுப் பட்டை வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் வாட்ச் அதன் எண்ணை வாங்கிக் காட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலை குறைந்த பல பேண்டுகளுக்கு அந்த வசதி கிடையாது. செல்போன் செயலி பெரும்பாலும் ஏற்கும். கட்டுமுன் பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரால் நனைக்க வேண்டும், காய்ந்திருந்தால் எண் தாறுமாறாக ஓடும். கழற்றியதும், துடிப்பை அனுப்பும் சின்னக் கருவியைப் பட்டையிலிருந்து பிரித்து வையுங்கள். ஈரப் பட்டையோடு விட்டால் பேட்டரி சும்மா தீரும். வியர்வை உப்பை நல்ல தண்ணீரில் அலசாமல் ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்டால் பூஞ்சை பிடித்து நெஞ்சில் அரிப்பு வந்துவிடும்.

கட்டும் விதத்தில் நடக்கும் தவறு

வாட்ச்சை வளையல் மாதிரித் தொங்கவிடுகிறவர்கள்தான் அதிகம். மணிக்கட்டின் எலும்பு மேட்டுக்கு ஒரு விரல் மேலே, பயிற்சி நேரத்தில் மட்டும் கொஞ்சம் இறுக்கமாகக் கட்டுங்கள். முடிந்ததும் தளர்த்தி, துடைத்துவிட்டு, மறுபடி கட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ரப்பர் வாருக்கு அடியில் ஈரம் தங்கினால் தோல் தடிக்கும்.

கோயிலில் கட்டிய சாமி கயிற்றை அகற்ற மனம் வராது. அகற்றவும் வேண்டாம். கயிறு ஒரு கையில் இருந்தால் வாட்ச்சை மறு கையில் கட்டுங்கள். கயிற்றின் மேல் கட்டினால் இடைவெளி விழுந்து வெளிவெளிச்சம் உள்ளே புகும். முன்கையில் பச்சை குத்தியிருக்கும் நம் அத்தைமார், பாட்டிமாருக்கும் இது பொருந்தும். பச்சை மை ஒளியை விழுங்கிவிடும். மார்கழிக் காலையில் கை சில்லிட்டிருக்கும்போது தோலுக்கு ரத்தம் குறைவாகத்தான் வரும். பத்து நிமிடம் நடந்து உடம்பு சூடேறிய பிறகு காட்டும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வாட்ச்சில் பயிற்சி முறையை (வொர்க்அவுட் மோட்) அமுக்காமலே ஓடிவிட்டு, "ஒண்ணுமே பதியல" என்று சொல்வது. பல வாட்ச்சுகள் மற்ற நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒருமுறைதான் நாடி பார்க்கும். ஓட்டம், நடை என்று தேர்ந்தெடுத்துத் தொடங்கினால்தான் விடாமல் பார்க்கும்.

எண்ணை வாசிப்பதில் நடக்கும் தவறு

இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். என் சித்தப்பாவுக்கு 61 வயது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், அதில் ஒன்று மெட்டோபுரோலால். மகன் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். வாட்ச் அவர் வயதை 220-இலிருந்து கழித்து, உச்சத் துடிப்பு 159 என்று வைத்துக்கொண்டு, 95-க்கும் 111-க்கும் நடுவில் இருந்தால்தான் பயிற்சி என்றது. அவருக்கு வேகமாக நடந்தாலும் 88-ஐத் தாண்டவில்லை. "என்னடா இது, நான் நடக்கவே இல்லங்கிற மாதிரி சொல்லுது" என்று தினமும் வேகத்தைக் கூட்டினார். நான்காம் நாள் குளத்துப் படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

மெட்டோபுரோலால், அடெனலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை மட்டுப்படுத்தும். அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு வயதை வைத்துப் போடும் கணக்கு பொருந்தாது. மருத்துவர் சித்தப்பாவிடம் சொன்னது எளிமையானது: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும். இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் எந்த எண்ணைத் தாண்டக்கூடாது என்று தங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். வாட்ச்சுக்காக மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் எந்த வாட்ச்சையும் பட்டையையும் மருத்துவரிடம் கேட்ட பிறகே வாங்க வேண்டும். சிலவற்றின் வாரிலும் சார்ஜரிலும் காந்தம் இருக்கிறது.

மாத்திரை சாப்பிடாதவர்களுக்கும் அந்த 220 கணக்கு ஒரு சராசரிதான். 1971-இல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் உள்ளிட்டோர் பழைய ஆய்வுகளின் புள்ளிகள் நடுவே உத்தேசமாக இழுத்த கோடு அது. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே 10, 12 துடிப்பு கூடவோ குறையவோ இருப்பது சகஜம். 2001-இல் டனாகா குழுவினர் 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். 61 வயதுக்கு அது 165. வேறொரு கணக்கு, வேறொரு எண்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சித்திரையில் நம் பகுதியில் காற்றிலேயே ஈரம் நிற்கும், வியர்வை ஆறாது. உடம்பைக் குளிரவைக்க இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால், தை மாதம் ஓடிய அதே வேகத்துக்கு 10, 15 துடிப்பு கூடுதலாகக் காட்டலாம். ஓட ஓட இன்னும் ஏறும். பையன்கள் இதைப் பார்த்துத் தங்கள் தகுதி போய்விட்டதாகக் கலங்குகிறார்கள். தகுதி எங்கும் போகவில்லை. அன்றைக்கு வேகத்தைக் குறையுங்கள், தண்ணீர் குடியுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே வெயில் காலத்தில் நாடி பார்த்து ஓடுவது நல்லது என்பேன்.

கலோரி எண்ணை நான் பார்ப்பதே இல்லை. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியில் மிக நல்ல கருவிக்கே சராசரி 27 சதவீதம் பிழை, மோசமானதற்கு 93 சதவீதம். வாட்ச் 300 கலோரி என்றதை நம்பி நெய் ரோஸ்ட்டும் டிகிரி காபியும் கூடுதலாகச் சாப்பிட்டால் எடை எப்படி இறங்கும்?

விளம்பரத்தை நம்புவது

விரலில் குத்தாமலே சர்க்கரை அளவு சொல்லும் என்று விற்கும் வாட்ச்சுகளை வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சர்க்கரை அளவிடும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. புஜத்தில் ஒட்டும் சென்சாரின் அளவை வாட்ச்சில் காட்டுவது வேறு விஷயம், அங்கே அளப்பது சென்சார். இன்சுலின் போடுகிறவர் பொய்யான எண்ணைப் பார்த்து அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. ரத்த அழுத்தத்திலும் எச்சரிக்கை வேண்டும். சாம்சங் வாட்ச்சிலேயே நான்கு வாரத்துக்கு ஒருமுறை சாதாரண பிபி கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்யச் சொல்கிறார்கள். அப்படி எந்த ஒப்பீடும் கேட்காமல் எண் காட்டும் மலிவு வாட்ச்சை எப்படி நம்புவது?

வாட்ச்சில் 5 ஏடிஎம் (தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் அளவு) என்று போட்டிருந்தால் காவிரியில் நீந்தலாம். ஆனால் நீந்தும்போது மணிக்கட்டுக்கும் வாட்ச்சுக்கும் நடுவில் தண்ணீர் ஓடுவதால் நாடி எண்ணைப் பொருட்படுத்தாதீர்கள். நாகப்பட்டினம் பக்கம் கடலில் இறங்கினால் வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

போலீஸ் தேர்வு ஓட்டம் 1500 மீட்டர். 400 மீட்டர் தடத்தில் மூன்றே முக்கால் சுற்று. வாட்ச்சின் ஜிபிஎஸ் வளைவுகளில் தடுமாறும், அதனால் சுற்றை எண்ணுங்கள், நேரத்தை மட்டும் வாட்ச்சில் பாருங்கள். செல்போன் இல்லாமல் ஆற்றங்கரையில் ஓடுகிறவர்கள் மட்டும் வாட்ச்சுக்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினால் போதும்.

கடையில் போட்டுப் பார்க்கவிட்டால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து உங்கள் விரலால் எண்ணி ஒப்பிடுங்கள். பிறகு மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்குங்கள். எண் சட்டென்று ஏறுகிறதா, நின்றதும் இறங்குகிறதா என்று பாருங்கள். வாழைப்பழத்தில் கட்டிப் பார்க்கும் சோதனை வேண்டாம். நல்ல வாட்ச்சும் சில நேரம் அதில் ஏதாவது எண் காட்டும்.

நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் வாட்ச்சைப் பார்க்காதீர்கள். ஈசிஜி எடுக்கும் வாட்ச்சும் மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நடையை அங்கேயே நிறுத்தி, உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.